ரோசல் தானாகக் காலியான ஊர் இல்லை

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டில், ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் ரோசல் என்று ஓர் ஊர் இருந்தது. இப்போது முழங்கால் உயரக் கற்குவியல்கள்தான் மிச்சம். இப்படிப்பட்ட இடங்களைக் ‘கைவிடப்பட்ட கிராமம்’ என்றுதான் நானும் சொல்லிவந்தேன். நேரில் போய் நின்ற பிறகு அந்தச் சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஒரு வீட்டின் அடித்தளத்துக்குள் இறங்கி நடந்தேன். நீளமான வீடு. மேட்டுப் பக்கம் மனிதர்கள், பள்ளத்துப் பக்கம் மாடுகள், எல்லோருக்கும் ஒரே கூரை. சுவரின் அடிப்பகுதி மட்டும் கல். அதற்கு மேல் புல்லோடு வெட்டி அடுக்கிய மண்கட்டி. மண் மழையில் கரைந்துவிட்டது, கல் கிடக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் பழுப்புப் புதர்க்காடு. ஆனால் ஊர் நிலத்தில் மட்டும் பசும்புல். தலைமுறை தலைமுறையாகச் சாணம் போட்டு வளர்த்த மண் அது. 200 வருடம் ஆகியும் பச்சை மாறவில்லை.

1814-க்கும் 1818-க்கும் இடையில் இந்த ஊரைக் காலி செய்தார்கள். சதர்லாந்து ஜமீனுக்குக் குடியானவர்களைவிட செம்மறி ஆடு லாபம். அந்தப் பக்கம் மரம் அபூர்வம். குடிபெயர்ந்தால் உத்திரங்களையும் கூடவே தூக்கிப்போவது வழக்கம். பள்ளத்தாக்கில் அந்த உத்திரங்களைத்தான் கொளுத்தினார்கள். கூரை போட மரமில்லாதவன் எப்படித் திரும்பி வருவான்? ஜமீன் அதிகாரி பேட்ரிக் செல்லர் மீது 1816-இல் இன்வர்னஸில் வழக்கு நடந்தது. விடுதலை ஆனார். அப்புறம் துரத்தப்பட்டவர்களின் நிலத்தில் அவரே ஆடு வளர்த்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, எல்லா மலையூரும் இப்படித்தான் அழிந்ததா? இல்லை. இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஹவுண்ட் டோர் என்ற இடத்தில் 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆளற்றுப்போன வீடுகள் இருக்கின்றன. குளிரும் ஈரமும் கூடி விளைச்சல் போனது, கொள்ளைநோய் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். அதைக் கைவிடப்பட்ட ஊர் என்று சொல்லுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ரோசலுக்கு அப்படி இல்லை. அங்கே பிறந்த கல் கொத்தனார் டொனால்ட் மக்லியோட், 1819-இல் ஒரு மேட்டில் ஏறி நின்று, ஸ்ட்ராத்நேவர் பக்கம் இன்னும் எரிந்துகொண்டிருந்த வீடுகளை எண்ணினார். 250 என்று பின்னாளில் எழுதிவைத்தார். இரவு 11 மணி. அதில் பல வீடுகள் அவருடைய சொந்தக்காரர்களுடையவை.