நான் வாளை உறையில் போட்ட நாள்

உனக்குப் பிடித்த வீடியோ கேம்களைப் பற்றி எழுதேன் என்று நண்பர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக விளையாடிக்கொண்டிருக்கிறேன். பத்து பெயரை எடுத்து நம்பர் போட்டுக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு கேம் ஏன் மனசில் தங்கிவிட்டது என்பதைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் எனக்கே திருப்தி வராது. அதனால் நம்பர் எதுவும் போடவில்லை, ஒரு சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 1989-இல் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக உருவாக்கியது. 60 நிமிஷத்துக்குள் இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் கதை. நான்காவது லெவலில் வழியை மறித்துக்கொண்டு ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால் நம்மைப் போலவே ஒரு நிழல் மறுபக்கம் குதித்து ஓடிவிடும். நம் உயிர் ஒரே ஒரு புள்ளிக்கு இறங்கிவிடும். அடுத்த லெவலில் நாம் எட்டிப் பிடிக்க வேண்டிய மருந்தை அந்த நிழல் நம் கண் முன்னாலேயே குடித்துவிட்டுப் போகும். அதற்கடுத்த லெவலில் கதவை மூடி நம்மைக் கீழே விழவைக்கும். பன்னிரண்டாவது லெவலில் வாளோடு நேருக்கு நேர் வந்து நிற்கும்.

நானும் அண்ணனும் மாறி மாறி உட்கார்ந்து அதோடு மோதினோம். ஒரு வெட்டு விழுந்தால் அதற்கு ஒரு உயிர் குறையும், கூடவே நமக்கும் ஒன்று குறையும். அதைக் கொன்றால் நாமும் செத்துவிடுவோம். வேகமாக வெட்டிப் பார்த்தோம், பின்வாங்கிப் பார்த்தோம், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் அவசரத்தில் அண்ணன் கீழ்நோக்கும் அம்புக்குறியைத் தட்டிவிட்டான். இளவரசன் வாளை உறையில் போட்டான். எதிரே நின்ற நிழலும் போட்டது. "டேய், எதையும் தொடாத" என்றான் அண்ணன். நான் தொடவே இல்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் மெதுவாக இளவரசனை நடத்திக்கொண்டு போனான். இரண்டு உருவமும் ஒன்றுக்குள் ஒன்று போய் ஒரே ஆளாகிவிட்டது. அதற்கப்பால் தரையே இல்லாத ஒரு பள்ளம். அதன் மேல் ஓடினால் காலடி வைக்கும் இடத்திலெல்லாம் கல் முளைத்தது.

அந்த நிழல் பிறந்த விதம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் பிடித்து, ஒவ்வொரு அசைவையும் பார்த்து வரைந்திருக்கிறார். அதனால்தான் அந்த இளவரசன் அத்தனை உயிரோடு அசைகிறான். ஆனால் அந்தப் படங்களே மெமரியை விழுங்கிவிட்டதால் புது எதிரியை வரைய இடமில்லை. அப்போது இளவரசனின் அதே படங்களைக் கொஞ்சம் நகர்த்தி, தன்மேலேயே கலந்து காட்டியபோது மினுங்கும் நிழல் ஒன்று கிடைத்தது. புதிதாக ஒரு படமும் தேவைப்படவில்லை. அந்த மெமரி பற்றாக்குறையிலிருந்துதான் 'உன் எதிரி நீயேதான்' என்ற கதை வந்திருக்கிறது. இதைப் படித்த அன்று அண்ணனுக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினேன்.

எனக்கு கேம் என்றால் இதுதான். ஒரு நாயகன் வாளை உறையில் போடுவதை நான் எத்தனையோ கதைகளில் பார்த்திருப்பேன், படித்திருப்பேன். இங்கே அத்தனை நாளும் வெட்டிக்கொண்டிருந்தது என் கை. நிறுத்தியதும் எங்கள் கைதான். கிராஃபிக்ஸ் அழகா, கதை பெரிதா, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் எனக்கு அப்புறம். 'நீ என்னை என்ன செய்ய வைத்தாய்?' இதைத்தான் ஒரு கேமிடம் நான் முதலில் கேட்பேன்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். 1985-இல் வந்த அந்த கேமின் முதல் லெவலில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. இடது ஓரத்தில் மாரியோ நிற்பான், வலப்பக்கம் முழுக்கக் காலியிடம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லத் தேவையே இல்லை. கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் வரும். அது வலப்பக்கம் நகர்ந்துபோய்க் குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்பி வரும். பயந்து ஒதுங்கப் பார்ப்பவர்கள்மேலும் பெரும்பாலும் வந்து மோதிவிடும், மாரியோ பெரியவனாகிவிடுவான். காளான் நல்லது என்ற பாடம் அங்கேயே முடிந்தது. அதை வடிவமைத்த மியாமோட்டோவும் அவர் குழுவும் இதை 40 கிலோபைட்டுக்குள் செய்திருக்கிறார்கள். மேலே மிதக்கும் மேகமும் கீழே இருக்கும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும்தான் வேறு!

டெட்ரிஸும் அப்படித்தான். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதியபோது அவரிடம் இருந்த எலெக்ட்ரானிக்கா 60 எழுத்துகளை மட்டுமே காட்டக்கூடிய இயந்திரம். அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டங்களை வரைந்தார். மேலிருந்து விழும் ஏழே ஏழு வடிவங்கள், இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். 1989-இல் நின்டெண்டோ இயந்திரத்துக்கு வந்த டெட்ரிஸை, 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் கேமே உறைந்து நிற்கும் இடம் வரை விளையாடிக் காட்டினான். 157-வது லெவல். அதுவரை எந்த மனிதரும் அங்கே போனதில்லை. அந்த வீடியோவைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. 34 வருஷப் பழைய கேம், அதன் கடைசிச் சுவரைத் தொட்டவன் அது வந்து இருபது வருஷம் கழித்துப் பிறந்தவன்.

இனி, எனக்கு மிக நெருக்கமான கேமுக்கு வருகிறேன். ஷேடோ ஆஃப் த கொலாசஸ், 2005, பிளேஸ்டேஷன் 2. ஃபுமிடோ உவெடாவின் படைப்பு. இறந்துபோன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க, ஒரு பையன் மலை போன்ற 16 பிரம்மாண்ட உருவங்களைக் கொல்ல வேண்டும். அந்தப் பெரிய நிலம் முழுக்க வேறு எதிரி கிடையாது, ஊர் கிடையாது. ஒரு குதிரை, ஒரு வாள், ஒரு வில். வாளை வெயிலில் உயர்த்தினால் அதன் ஒளி போகவேண்டிய திசையைக் காட்டும்.

முதல் பிரம்மாண்டத்தின் காலில் மயிரைப் பிடித்துத் தொங்கியபோது என் விரல் வலித்தது. பட்டனை விட்டால் கீழே விழுந்துவிடுவான், பிடித்துக்கொண்டே இருந்தால் பிடி தளர்ந்துவிடும். மேலே ஏறி வாளைச் செருகியபோது வெற்றி என்றுதான் நினைத்தேன். ஆனால் இசை அழுதது. அந்த உடம்பிலிருந்து கருப்பு இழைகள் கிளம்பி வந்து பையனைக் குத்தி உள்ளே போயின.

பதின்மூன்றாவது பிரம்மாண்டத்தை என்னால் மறக்கவே முடியாது. பாலைவனத்தின் மேல் மிதக்கும் பாம்பு போன்ற, கண்ணுக்கு அடங்காத நீளம். அது நம்மைத் தாக்கவே தாக்காது, மேலே சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதன் வயிற்றடியில் இருக்கும் காற்றுப் பைகளை நாம்தான் அம்பால் உடைக்க வேண்டும். அது தாழ்ந்து இறக்கை மண்ணைக் கிழித்துக்கொண்டு போகும்போது, குதிரையைப் பக்கத்தில் விரட்டி எகிறிப் பிடிக்க வேண்டும். பிடித்தேன், ஏறினேன், குத்தினேன். விழுந்ததும் நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். அது எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. திரும்பிப் போக வழி இருந்ததா என்றால் கேம் அதைக் கொடுக்கவில்லை. ஆனால் அணைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். நான் போகவில்லை. பதினான்காவதைத் தேடிக் கிளம்பினேன். பையனின் முகம் ஒவ்வொரு கொலைக்கும் வெளுத்துக்கொண்டே வருவதையும் கவனித்தேன், அப்புறமும் விளையாடினேன்.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இப்போது வரும் பெரிய கேம்கள் பலவற்றில் வரைபடம் முழுக்கக் குறிகள். இங்கே போ, அங்கே போ, இதில் 40, அதில் 60 சேகரி. நான் உலகத்தைப் பார்க்காமல் ஓரத்தில் இருக்கும் சின்ன வட்டத்தைப் பார்த்தே நடந்துகொண்டிருக்கிறேன். ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2-ஐ நான் நேசிக்கிறேன், அந்தக் காடும் பனியும் மனிதர்களும் அபாரம். ஆனால் அதில் ஒரு மிஷன் தொடங்கிவிட்டால் சொன்ன பாதையைவிட்டுக் கொஞ்சம் விலகினாலும் தோற்றுவிட்டாய் என்று எழுதிக் காட்டும். அத்தனை பெரிய உலகத்தைக் கட்டியவர்கள் விளையாடுபவரை நம்பாமல் விட்டது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

நம்புகிற கேம் எப்படி இருக்கும் என்றால் 2011-இல் வந்த டார்க் சோல்ஸைச் சொல்வேன். கஷ்டமான கேம் என்று அதற்குப் பெயர். கஷ்டத்தை விடுங்கள். வரைபடம் இல்லாத அந்த உலகத்தில் பல மணி நேரம் மேலே மேலே ஏறிப் போய், ஊர் பேர் தெரியாத உயரத்தில் ஒரு லிஃப்டைக் கண்டுபிடிப்போம். அது கீழே இறங்கும், இறங்கிக்கொண்டே இருக்கும். நின்றதும் வெளியே வந்து பார்த்தால் நாம் முதன்முதலில் கிளம்பிய அதே நெருப்பு, அதே இசை! வீடு இத்தனை பக்கத்திலா இருந்தது என்று நின்றுவிட்டேன். அந்த உலகம் என் தலைக்குள் அப்படியே மடிந்து ஒரு வடிவம் பெற்றது. எந்தக் குறியும் அதைச் செய்திருக்காது.

செலஸ்ட் (2018) என் மகளின் கேம். மலையேறும் ஒரு பெண், ஆயிரம் தடவை விழுவாள். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் ஒரு நொடியில் சின்னஞ்சிறு பங்குக்குத் தாவ அனுமதிப்பார்கள். விளையாடுபவருக்கு அது தெரியாது, 'நான் சரியான நேரத்தில் தாவினேன்' என்றுதான் தோன்றும். கஷ்டமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அதை வைப்பது ஏமாற்று என்று வாதிடுபவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். என் மகள் குறைந்த வேகத்தில்தான் ஆரம்பித்தாள். ஒரு நாள் "அப்பா, இப்ப பாருங்க" என்று கூப்பிட்டு, முழு வேகத்தில் ஏறிக் காட்டினாள். யாரும் அவளிடம் ஏறச் சொல்லவில்லை.

ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின் பற்றித் தனியாக எழுத வேண்டும். 1807-இல் ஆளில்லாமல் கரைக்கு வரும் கப்பல், 60 பேருக்கும் என்ன ஆனது என்று நாமே துப்புத் துலக்க வேண்டும். லூகாஸ் போப் படைத்தது. இன்னொரு நாள்.

கடைசியாக அவுட்டர் வைல்ட்ஸ் (2019). ஒரு சின்ன சூரியக் குடும்பம், ஆட்டம் காணும் ஒரு விண்கலம். 22 நிமிஷத்தில் சூரியன் வெடித்துவிடும், மறுபடி முதலிலிருந்து கண் விழிப்போம். புது ஆயுதம் கிடைக்காது, பலம் கூடாது. நமக்குத் தெரிந்தது மட்டும்தான் கூடிக்கொண்டே போகும். முதல் நிமிஷத்திலேயே எங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் அப்போதே கேமை முடித்துவிடலாம், தெரியாததுதான் ஒரே பூட்டு. அதனாலேயே அதை ஒரு தடவைதான் விளையாட முடியும். அதை இன்னும் விளையாடாதவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன், அது 1989-இல் வந்தது, மன்னித்துவிடுங்கள். இதைச் சொல்ல மாட்டேன். நீங்களும் இதைப் பற்றி எதையும் தேடிப் படிக்காதீர்கள், வீடியோ பார்க்காதீர்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் கலத்தில் ஏறி வேறு கிரகத்துக்குப் போங்கள். முடித்ததும் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள்.