முறைக்க ஆளில்லாத அரங்கம்

"கஞ்சா அடித்தே அழிந்துபோன கலைஞன்." ஜெர்மன் நகைச்சுவைக் கலைஞர் வொல்ஃப்காங் நொய்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். பல் விழுந்து, முடி தொங்க, அரசு உதவித்தொகையில் மேற்கு பெர்லின் ஃபிளாட் ஒன்றில் முடங்கிக் கிடந்தார், உண்மைதான். ஆனால் அங்கே வந்து சேர்வதற்கு முன்னால் நடந்ததைப் பார்த்தால், கஞ்சா வெகு தாமதமாகத்தான் வருகிறது.

ஜெர்மனியில் கபரெட் என்றால் நம் பழைய படங்களில் வரும் கிளப் டான்ஸ் இல்லை. சின்ன அரங்கு, ஒன்றிரண்டு பேர், ஆட்சியில் இருப்பவர்களையும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்து வாரும் பேச்சும் பாட்டும். நொய்ஸ் 1923இல் பிரெஸ்லாவில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. கசாப்புத் தொழில் பழக அனுப்பினார்கள். கோமாளி ஆகப்போகிறேன் என்று பதினைந்து வயதில் பெர்லினுக்கு ஓடினார். யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. போர் வந்தது. போர்முனையிலிருந்து தப்பிக்கத் தன் இடது கை ஆள்காட்டி விரலைத் தானே சுட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ராணுவ மருத்துவமனையில் காயம்பட்டவர்களைச் சிரிக்க வைத்ததுதான் அவருடைய முதல் மேடை. சிரிக்கும் மனநிலையில் இல்லாதவர்களிடம் தொழில் கற்றவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளில் ஒரு பெரிய முரசைத் தூக்கிக்கொண்டு மேடையேறி, அதை அடித்தபடியே அரசியல் பேசினார். இன்னொரு வொல்ஃப்காங், வொல்ஃப்காங் மியூலர், ஜோடி சேர்ந்தார். 'கிஸ் மீ கேட்' இசை நாடகத்தில் இரண்டு ரவுடிகளாக வந்து அரங்கை அள்ளினார்கள். 1960இல் படப்பிடிப்புக்காக சுவிட்சர்லாந்து போன மியூலர் அங்கே விமான விபத்தில் இறந்தார். அதன்பின் நொய்ஸ் வேறு நிரந்தர ஜோடி தேடவில்லை. (பல வருடம் கழித்து அவரையும் மியூலருக்குப் பக்கத்தில்தான் புதைத்தார்கள்.)

1962 ஜனவரியில் நடந்த கதையை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். 'தாஸ் ஹால்ஸ்டூக்' என்று ஆறு பாகக் கொலைத் தொடர் ஒன்று தொலைக்காட்சியில் ஓடியது. அது ஓடும் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. கடைசிப் பாகத்துக்கு முந்தைய நாள், பெர்லின் மாலைப் பத்திரிகையில் நொய்ஸ் காசு கொடுத்து ஒரு விளம்பரம் போட்டார்: நாளை வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், சினிமாவுக்குப் போங்கள், கொலைகாரன் டீட்டர் போர்ஷேதான். அவருடைய சொந்தப் படம் ஒன்று அப்போது தியேட்டருக்கு வந்துகொண்டிருந்தது, அதற்குத்தான் இந்த வேலை. கொலைகாரன் அந்த நடிகர்தான் என்பது சரியாகவும் இருந்து தொலைத்தது. சும்மா ஊகித்தேன் என்று பிறகு சொன்னார். யார் கேட்டார்கள்? 'பில்ட்' பத்திரிகை அவரைத் தேசத்துரோகி என்று எழுதியது. கொலை மிரட்டல்கள் வந்தன.

போர் முடிந்து பதினேழு வருடம்கூட ஆகவில்லை. நாஜி ஆட்சியில் பதவி வகித்தவர்கள் பலர் நீதிமன்றங்களிலும் அமைச்சகங்களிலும் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நாடு அது. அங்கே தேசத்துரோகி பட்டம், ஒரு துப்பறியும் தொடரின் முடிவைச் சொன்னவனுக்கு! நொய்ஸ் எழுதிய எந்த நையாண்டியும் இந்த அளவுக்கு அந்த நாட்டைத் தோலுரித்திருக்காது என்று நினைக்கிறேன். சுய விளம்பரத்துக்குச் செய்தது என்பதால் அவரைத் தியாகியாக்கவும் வேண்டியதில்லை.

அடுத்த மூன்று நான்கு வருடங்கள்தான் உச்சம். தனி ஆளாக மேடையேறினார், கூட்டம் அலைமோதியது. 1965இல் கிழக்கு ஜெர்மனிப் பாடகர் வொல்ஃப் பியர்மனோடு ஒரே மேடையில் நின்றார், அது இசைத்தட்டாகவும் வந்தது. ஜெர்மனியில் வாக்காளருக்கு இரண்டு வாக்கு, ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிக்கு. அதே வருடம், அந்த இரண்டாவது வாக்கை வேறொரு சிறு கட்சிக்குப் போடச் சொன்னதற்காக சமூக ஜனநாயகக் கட்சி அவரை வெளியேற்றியது. வருடக் கடைசியில் மேற்கு பெர்லின் பத்திரிகைகள் ஒரு நிதி திரட்டின: வியட்நாமில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் குடும்பங்களுக்கு மேற்கு பெர்லினுக்கு அமெரிக்கர்கள் பரிசளித்த சுதந்திர மணியைப் பீங்கானில் சின்னதாகச் செய்து அனுப்ப வேண்டுமாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பீங்கான் மணி! நொய்ஸ் சொந்தமாக ஒரு நையாண்டிப் பத்திரிகை அச்சடித்து அந்த வசூலைக் கிழித்துத் தொங்கவிட்டார். பத்திரிகைகள் பதிலுக்கு அவருடைய நிகழ்ச்சி விளம்பரங்களை வாங்க மறுத்தன.

வீழ்ச்சி இங்கே தொடங்கியதாகத்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரிகள் அவரை ஒன்றும் செய்துவிடவில்லை. நண்பர்கள்தான் செய்தார்கள். இடதுசாரி மாணவர் இயக்கம் கிளம்பியது, நொய்ஸும் அதோடு போனார். இப்போது முன்வரிசையில் முறைக்கும் கடைக்காரர் இல்லை, எழுந்து போகும் அதிகாரி இல்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே ஆமோதிக்கும் கூட்டம். 1968இல் மியூனிக்கில் நாடகாசிரியர் பீட்டர் வைஸின் வியட்நாம் நாடகத்தில் நடித்தார். நாடகம் முடிந்ததும், அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் கொரில்லாக்களுக்கு ஆயுதம் வாங்கப் பார்வையாளர்களிடம் வசூல். நிர்வாகம் தலையிட, சில தடவை மேடையேறியதோடு நாடகம் நின்றுபோனது. அந்தத் தடை தவறுதான். ஆனால் பீங்கான் மணி வசூலைக் கிண்டலடித்த மனிதர், மூன்றே வருடத்தில் இன்னொரு வசூல் நடந்த மேடையில் நிற்கிறார். பழைய நொய்ஸ் அதை விட்டுவைத்திருப்பாரா?

எழுபதுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேடையை விட்டார். கஞ்சா, வறுமை, விழுந்த பற்கள்.

1983 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி உரையாடலுக்கு அவரை அழைத்தார்கள். எதிரே ரிச்சர்ட் ஃபொன் வைட்ஸேக்கர்: மேற்கு பெர்லின் மேயர், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர், ஜனாதிபதி வேட்பாளர், பிரபு வம்சம். பல்லில்லாத கிழவர் அவரை ரிச்சி, ரிச்சி என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறார், கஞ்சாவைப் பற்றிப் பேசுகிறார், அவரை வாக்கியத்தை முடிக்க விடாமல் குறுக்கே பாய்கிறார். வைட்ஸேக்கர் பண்பானவர், சிரித்துச் சமாளிக்கிறார். சமாளிக்க வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம். அடங்கிப்போனதாக எல்லோரும் நினைத்திருந்த ஆள், தன்னை ஒப்புக்கொள்ளாத ஒருவர் எதிரே உட்கார்ந்ததும் பழைய வேகத்தில் எழுந்துவிட்டார்.

அடுத்த வருடம் ஒருவர் ஜனாதிபதி ஆனார். இன்னொருவருக்குப் போதைப்பொருள் வழக்கு. நொய்ஸ் 'டாட்ஸ்' நாளிதழில் பத்தி எழுதிக்கொண்டிருந்தார், 1989 மே மாதம் இறந்தார். பெர்லின் சுவர் இடிந்ததைப் பார்க்கவில்லை.

அந்த உரையாடலின் துண்டுகளைப் போட்டு "பாவம், எப்படி இருந்த மனுஷன்" என்று உச்சுக் கொட்டுபவர்கள், ஒரு தடவை நொய்ஸின் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு வைட்ஸேக்கரின் முகத்தை மட்டும் பார்க்கட்டும்.