ஆயிரம் ரூபாய் சரி, மற்றது தப்பு

"அரசுப் பள்ளியில் வாத்தியாருக்குப் பதிலா ஆயிரம் ரூபாய்க்கு ஆள் வெச்சு ஒப்பேத்துறாங்க, அதுதான் இல்லம் தேடிக் கல்வி" என்று ஓராசிரியர் பள்ளிகள் மேல் உள்ள கோபத்தில் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அதில் தன்னார்வலருக்கு மாத ஊக்கத்தொகை ஆயிரம் என்பது மட்டும்தான் சரி.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்திருந்த நேரத்தில், 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் இது. வகுப்பு பள்ளி நேரத்தில் இல்லை, பள்ளி விட்டு வந்த பிறகு சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம். எந்த ஆசிரியர் பணியிடத்திலும் தன்னார்வலரை உட்கார வைக்கவில்லை. தொடங்கியபோது 5ஆம் வகுப்பு வரை நடத்த பிளஸ் டூ போதும், 6 முதல் 8 வரைக்கு டிகிரி என்று இருந்தது. நானும் எங்கள் தெருத் திண்ணையில் பாய் விரித்து எடுத்தேன். மூன்றாவது படிக்கிற பையன் 'ழ'வைப் பார்த்து 'ம' என்பான். அவனோடு தினம் பத்து நிமிஷம் தனியாக உட்கார பள்ளியில் டீச்சருக்கு எங்கே நேரம்?

பலனும் சும்மா வாய்ப்பேச்சு இல்லை. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அப்படி மீண்டதில் சுமார் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால்.

இன்னொன்று, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' வேறு திட்டம், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதை நடத்துவது பள்ளி ஆசிரியர்களேதான்.

ஓராசிரியர் பள்ளி பற்றிய உங்கள் கோபம் நியாயம்தான் அண்ணே. அதைத் தனியாகக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.