கரையிலா, கடலிலா?

ஆளுமை ஆய்வு ஒன்றைப் போற்றும் கட்டுரையைப் படித்தேன். பி மதிப்பு (உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு தொடர்பு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்துவிட்டால் ஆளுமை பற்றிய கூற்று நிரூபணமாகிவிட்டது என்கிறார் கட்டுரையாளர். அப்படியில்லை ஐயா. எதனோடும் தொடர்பில்லாத 20 கூறுகளைத் தனித்தனியாகச் சோதித்தாலே, ஒன்றாவது தற்செயலாக அந்த எல்லைக்குள் விழ ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு உண்டு. இருபது முறை வலை வீசிவிட்டு, மீன் பட்ட ஒரு வீச்சை மட்டும் ஊருக்குச் சொல்வது போலத்தான்.

ஓர் ஆய்வு மாணவருக்காகத் தங்கச்சிமடத்தில் வீடு வீடாக வினாத்தாள் நிரப்பியவன் நான். ‘எளிதில் பதற்றமடைவேன்: 1 முதல் 5 வரை.’ கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே கேட்டார்: “கரையிலா, கடலிலா தம்பி?” தாளில் அதற்குக் கட்டம் இல்லை. 3 என்று போட்டேன். (அன்று எத்தனை 3 போட்டேனோ!) முடிவு சரியாக வரவில்லை என்றதும் பெண்களைத் தனியாகப் பிரித்தார்கள், பிறகு நாற்பது வயதைத் தாண்டியவர்களை. எங்கோ ஒரு நட்சத்திரக் குறி, அதாவது 0.05-க்குக் கீழே என்பதன் அடையாளம், விழுந்தது. முதலிலிருந்தே எதிர்பார்த்த கருதுகோள் அதுதான் என்று எழுதிவிட்டார்கள்.

2015-இல் வெளியான மறுசோதனையில், 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்ததில் 36 சதவீதமே அந்த 0.05 எல்லைக்குள் வந்தன. கட்டுரையாளர் போற்றும் ஆய்வில் மொத்தம் எத்தனை சோதனைகள் செய்தார்கள்? அதைக் கேட்டு எழுதுங்கள்.