சுமந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

மலைகளை முதன்முதலில் படம் பிடித்தவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைக் கிளிநொச்சியிலிருந்து வாசித்தேன். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் குளமும்தான். ஆனால் எங்கள் தாத்தா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். மலை என்றால் அவருக்குச் சுமையும் ஏற்றமும்தான்.

அதனால் என்னை நிறுத்தியது ஒரு வரி: 1861இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஒகுஸ்த் பிசோன் படம் எடுக்க ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் உச்சிக்குப் போனபோது 25 பேர் சாமான் சுமந்தார்கள். அன்றைய ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவி முடிக்க வேண்டும். தண்ணீருக்குப் பனியை உருக்க வேண்டும். கூடாரம், போத்தல், கண்ணாடி எல்லாம் யாரோ ஒருவரின் முதுகில்தான் ஏறின. 1866இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் இமயத்தின் மணிரங் கணவாயில், 18,000 அடிக்கு மேலே எடுத்த படங்களும் அப்படித்தான்.

அந்தப் படங்கள் அழகு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. சரி, எடுத்தவர் பெயர் இருக்கிறது. சுமந்தவர்கள் பெயர்? அடுத்த கட்டுரையில் அவர்களைப் பற்றியும் எழுதுங்கள். தாத்தா மலையில் எடுத்துக்கொண்ட ஒரே படமும் 2009 இடப்பெயர்வில் போய்விட்டது.