போன் மட்டும் போதாது

எல்லார் கையிலும் போன் இருக்கும்போது புயல் போன்ற ஆபத்தை எச்சரிக்கும் சைரனுக்குச் செலவு எதற்கு என்று ஒரு கட்டுரை கேட்கிறது. நான் மியான்மரில், ரங்கூனுக்கு ஆற்றின் அந்தப் பக்கம், தன்லினில் இருக்கிறேன். 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்த ராத்திரி எங்கள் வீட்டுத் தகரம் பறந்தது. அந்தப் புயலில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 1,38,000 பேர்.

2023 மே 14, மோக்கா புயலில் மேற்குக் கரையோர சித்வே நகரில் தொலைத்தொடர்புக் கோபுரமே காற்றில் சாய்ந்தது. கோபுரம் விழுந்த பிறகு போனுக்கு என்ன செய்தி வரும்? கரண்ட் போய், சார்ஜ் இல்லாமல் கிடக்கும் போன்கள் வேறு.

அப்புறம், போன் எச்சரிக்கை எல்லாமே ஒன்றல்ல. எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். 2025 மார்ச் 28 நிலநடுக்கம் மாண்டலேயைச் சிதைத்து பாங்காக் வரை ஆட்டியபோது, பாங்காக்கில் எச்சரிக்கை எஸ்எம்எஸ் மணிக்கணக்கில் தாமதமாக வந்தது. செல் பிராட்காஸ்ட் என்றால் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் போகும், எண்ணே தேவையில்லை. என்ன ஆபத்து, எங்கே ஒதுங்க வேண்டும் என்றும் சொல்லும். சைரன் அதைச் சொல்லாது. புயல் காற்றில் அதன் சத்தம் வீட்டுக்குள் கேட்பதும் கஷ்டம்தான், சரி.

ஆனால் என் அம்மாவுக்கு பர்மா பாஷை பேச வரும், படிக்க வராது. கோயில் தெருவில் அவர் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான். ஒலிபெருக்கியில் ஒரு மனிதக் குரல் சொன்னால் அவருக்கு உடனே புரியும். ஆற்றோரக் கிராமங்களில் முதலில் பேட்டரியோடு ஒலிபெருக்கி வையுங்கள், செல் பிராட்காஸ்ட்டும் கூடவே வரட்டும்.