அந்த நல்ல கிருமிப் பாக்கெட்டைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

நேற்று நம்ம தெரு குரூப்பில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். குடலில் ஆபரேஷன் முடிந்து ஒரு பச்சைக்குழந்தை இப்போதுதான் தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கிறது, அதற்குப் புரோபயாடிக் பொடியைத் தாய்ப்பாலில் கலந்து ஊற்று என்று ஒரு அக்கா படத்தோடு போடுகிறார், கீழே வரிசையாகக் கும்பிடு. டாக்டரிடம் கேட்டார்களா என்றேன். "உனக்கு எல்லாத்துக்கும் பயம்."

ஆமாம், பயம்தான். என் பையனுக்குப் பிறந்த ஐந்தாம் நாளே குடல் முறுக்கிக்கொண்டு வயிற்றைத் திறந்தார்கள். டியூபில் பச்சை நிறத்தில் பித்தநீர் வந்துகொண்டே இருந்தது, அது நின்ற பிறகுதான் பால். எவ்வளவு? சிரிஞ்சில் 2 மில்லி. காசிமேட்டிலிருந்து அம்மா கொண்டுவரும் சுறாப்புட்டைத் தின்றுவிட்டுப் பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு, அந்த 2 மில்லி உள்ளே தங்குமா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

புரோபயாடிக் சத்துமாவு இல்லைங்க, உயிருள்ள கிருமி. ஆறாத குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால் நல்ல கிருமியும் செப்சிஸ்தான், அதாவது உயிருக்கே ஆபத்தாகும் தொற்று. 2023இல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கொடுத்து ஒரு குறைமாதக் குழந்தை இறந்தது, கொடுத்த கிருமியும் செப்சிஸ் உண்டாக்கிய கிருமியும் மரபணுவில் ஒன்று என்று அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது.

உடனே பச்சைக்குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஒடிசா ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். 2017இல் வந்தது, 4,500க்கும் மேல் குழந்தைகள், செப்சிஸ் குறைந்தது, எல்லாம் உண்மை. ஆனால் அவை 2 கிலோவுக்குக் குறையாமல் நன்றாகப் பால் குடித்த குழந்தைகள், வயிற்றில் தையலோடு வந்தவை அல்ல. குறைமாதக் குழந்தைகளுக்குச் சில ஆஸ்பத்திரிகளில் தருகிறார்களே என்றால், சரி, எந்தக் கிருமி, எவ்வளவு என்று பார்த்து, பக்கத்திலேயே இருந்து தருகிறார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னால் தாராளமாகக் கொடுங்கள், நானா தடுக்கிறேன்? மெடிக்கல் கடை அண்ணனும் ஃபார்வர்டும் டாக்டர் இல்லை, அவ்வளவுதான்.

"நீ மட்டும் டாக்டரா?" இல்லை. அதனால்தான் கேளுங்கள் என்றேன், கொடுங்கள் என்று சொல்லவில்லை.

இத்தனை அக்கறை அன்றைக்கு எங்கே இருந்ததோ. வார்டு வாசலில் நான் நின்ற நாட்களில் டீ வாங்கிக் கொடுத்தது எங்கள் ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன் ஒருத்தர்தான். குரூப்பிலிருந்து வந்தது ஒரே ஒரு ஆள். குழந்தை எப்படி இருக்கிறான் என்றுகூடக் கேட்கவில்லை, "மாசமா இருக்கும்போது பப்பாளி கிப்பாளி தின்னியாடி?" என்றார்.

நேற்று பொடிப் படம் போட்ட அதே அக்காதான்.